நாவல் மரத்தடிக் கேற்

கல்முனை பஸ் செட்டிபாளையத்தைத் தாண்டியும் பஹீமா இறங்கவில்லை. பின்னால் ஓட்டோவில் வந்துகொண்டிருந்த அக்ரமுக்குக் கழுத்து வலித்தது, வயிறு பசித்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம் வந்தது. ஒரு பெண் ஊருக்குத் தெரியாமல் ஒருவனைப் பார்க்கப் போகிறாள் என்றால் பக்கத்தில் எங்கேயாவது போய்ப் பார்க்கலாமே. ஏறாவூரில் ஏறி, மட்டக்களப்பில் பஸ் மாறி, வாவி ஒரு பக்கமும் கடல் மறுபக்கமுமாக இவ்வளவு தூரம் போவது பெற்றோல் விலை தெரிந்தவள் செய்கிற காரியமா?

"மிஸ், இப்பிடியே போனா அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேருவம். அங்க எனக்கு ஒரு சாச்சி இரிக்கா. சோறாவது தருவா."

"ரோட்டப் பாரு தம்பி" என்றாள் ஞானமணி.

ஞானமணி பின் இருக்கையில் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கல்லடிக்காரி. காப்புறுதிக் கம்பனியில் நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைத் துருவிப் பார்க்கும் உத்தியோகத்தில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு எடுக்கப் பொறுக்காமல் துப்பறியும் தொழிலில் இறங்கியவள். கலியாண விசாரணை, காணாமல் போன கணவன், வெளிநாட்டு ஏஜென்சி மோசடி என்று வருகிற வேலையெல்லாம் செய்வாள். அக்ரம் அவளுடைய சாரதி, உதவியாளன், சில வேளைகளில் தலையிடி. காத்தான்குடிப் பையன் என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் பையன் என்று சொல்லும் வயதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான், இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஓட்டமாவடியில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அது கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் இந்த மாதம் முழுவதும் அவனுடைய ஒரே கவலை.

விஷயம் இதுதான். பஹீமா நாலு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய்விட்டன. இம்முறை கிளினிக்கில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுபோல இரத்தம் எடுத்தார்கள். அவளுடைய இரத்தம் சிபிலிஸ் நோய்க்கான சோதனையில் மாட்டிக்கொண்டது. படுக்கையறை வழியாகப் பரவுகிற நோய். இன்னொரு சோதனைக்குப் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போகவேண்டும், கணவனும் வரவேண்டும் என்றார்கள். பஹீமா அதை மறைக்காமல் கணவன் ஷிஹானிடம் சொன்னாள். ஷிஹான் ஏறாவூரில் போன் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதன், ஆனால் அக்காவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். அவன் தனியாரிடம் போய் இரத்தம் சோதித்தான். சுத்தம். அக்கா ஜெமீலா உடனே கணக்கு முடித்துவிட்டாள். மனைவியின் இரத்தத்தில் நோய் இருக்கிறது, கணவனின் இரத்தத்தில் இல்லை, ஆகவே மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான்.

அந்த மூன்றாவது ஆளைக் கண்டுபிடிக்கத்தான் ஜெமீலா கல்லடிக்கு வந்தாள். நாற்பது தாண்டிய கறாரான பெண். சொந்தப் புருஷனையே நடத்தை சரியில்லை என்று பெட்டியோடு வெளியே போட்டவள் என்று ஏறாவூரில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பஹீமா வேறு யாருமல்ல, அவளுக்குச் சொந்த மாமி மகள்தான். அந்த இரக்கம்கூட அவளிடம் இல்லை.

"வெள்ளிக்கிழம ஜும்மா முடிய என்ட தம்பி தலாக் கேட்டுக் காதியார்ட்டப் போறான். வெறுங்கையோட போகக் கூடா மிஸ். அந்த ஆம்புள ஆரெண்டு எனக்குத் தெரியணும்."

ரெண்டாவது சோதனைக்குப் பஹீமா போகவில்லையா என்று ஞானமணி கேட்டபோது ஜெமீலா உதட்டைச் சுழித்தாள்.

"போகல்ல. போர்டப் பாத்திட்டுத் திரும்பி வந்திட்டாவாம். முன்னால போக வெக்கமெண்டா பின்னால நாவல் மரத்தடியில ஒரு சின்னக் கேற் இரிக்கி. கொக்கி உள்பக்கம். கையப் போட்டுத் தூக்கினாத் திறக்கும். குத்தம் இல்லாதவ எண்டா அதாலயாவது போயிருப்பாதானே?"

கிழக்கில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பெண்ணுடைய சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். தலாக் என்று வந்தால் பெட்டி கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியவனும் அவன்தான். ஆகவே பஹீமாவுக்குக் கூரை போகாது. போவது வேறு. வயிற்றில் இருப்பது யார் பிள்ளை என்ற கேள்வியை ஊர் முழுக்க வாயில் போட்டு மெல்லும், அவள் அந்தக் கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையும் கடைசிவரை இருக்குமோ என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பஸ் தேற்றாத்தீவில் நின்றது. பஹீமா இறங்கினாள். இறங்கியதும் அவள் செய்த முதல் வேலை குடையை விரித்ததுதான். மழை இல்லை. வெயிலும் சாய்ந்துவிட்டது.

"முகத்த மறைக்கிறா" என்றான் அக்ரம்.

"ஆரிட்ட இருந்து?" என்றாள் ஞானமணி. ஒழுங்கையில் ஒரு மாடும் இரண்டு கோழிகளும் தவிர யாரும் இல்லை.

வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவே போன மணல் ஒழுங்கையில் அவள் ஒரு கிடுகு வேலிக்குள் நுழைந்தாள். உள்ளே ஆண் குரல் கேட்டது. அக்ரம் ஓட்டோவை விட்டு இறங்கி வேலியோரம் வந்தான். இவ்வளவு நாளில் முதல்முறையாக ஒரு வழக்கு அவன் நினைத்தபடியே நடக்கிறது. கிடுகை விலக்கிக் கண்ணை வைத்தான். மூன்றாவது ஆள் தெரிந்தார். எழுபது வயதைத் தாண்டியிருந்தார், வாயில் ஒரு பல்கூட இல்லை, மடியில் எண்ணெய்ப் போத்தலை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக் கொண்டிருந்தார். அவருடைய மனைவி பஹீமாவின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஆள் கொஞ்சம் பழசு" என்று அக்ரம் சோர்ந்துபோய்ச் சொன்னான்.

ஞானமணி ஒளிந்து பார்க்கிற ரகம் இல்லை. நேரே உள்ளே போய் வணக்கம் சொல்லி மணையில் உட்கார்ந்துவிட்டாள். நாட்டு வைத்தியரான வேலப்போடிப் பரிசாரியாருக்கு ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு விரல் மூட்டெல்லாம் வாதம் ஏறியிருக்கிறது, மந்திரித்த எண்ணெய் கொடுக்கிறேன், இறங்கிவிடும் என்றார். மாதக் கணக்காகக் கொடுக்கிறார். எதுவும் இறங்கவில்லை என்பது பஹீமாவின் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

திரும்பும் வழிக்கு ஞானமணி கூப்பிட்டு ஓட்டோவில் ஏறியதும் பஹீமா கேட்ட முதல் கேள்வி மதினிதானே உங்களை அனுப்பினா என்பது. ஓம் என்று ஞானமணி ஒளிக்காமல் சொன்னாள். பஹீமா அழவில்லை, கோபப்படவும் இல்லை. மந்திரித்த எண்ணெய்க்காக இன்னொரு மதத்துப் பரிசாரியிடம் வந்து போவது ஏறாவூரில் தெரிந்தால் அதற்கும் ஒரு தனி விசாரணை நடக்கும், அதனால்தான் ஒளித்துப் போகிறேன் என்றாள். ஒருவனை ஒளித்து வைத்திருப்பதாக நினைக்கிற ஊருக்கு ஓர் எண்ணெய்ப் போத்தலை ஒளிக்க வேண்டியிருந்ததை நினைக்க அக்ரமுக்கே பாவமாக இருந்தது.

சந்திக் கடையில் ஓட்டோவை நிறுத்தி ஞானமணி மூன்று குளிர் சோடா வாங்கினாள். பஹீமா தன்னுடையதைச் சால்வைத் தலைப்பால் சுற்றிப் பிடித்தாள்.

"வெறுங்கையால பிடிங்க மகள்."

பஹீமா தயங்கினாள். பிறகு பிடித்தாள். சிறிது நேரத்தில் அவளுடைய விரல்கள் நுனியிலிருந்து சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தன. அப்புறம் நீலம் பாரித்தன. அக்ரம் தன் சோடாவைக் கீழே வைத்துவிட்டான்.

"மிஸ், கடைக்காரன் ஏதும் கலந்திட்டானோ?"

"உன்ட விரலப் பாரு. நல்லாத்தானே இரிக்கி? குடி."

அதன் பிறகு பஹீமா சொல்லச் சொல்ல ஞானமணி கேட்டுக்கொண்டே வந்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் கைவிட்டால் விரல் இப்படித்தான் செத்துப்போகும். வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்து எரியும், அதுதான் குடை. காலையில் எழும்பினால் உடுப்புப் பிழிய விரல் மடங்காது. கர்ப்பப் பலவீனம் என்று ஒருத்தி சொன்னாள், கண்ணூறு என்று இன்னொருத்தி. இரண்டு பிள்ளைகள் போனதற்கும் அதே பதில்கள்தான்.

ஞானமணியின் தொழில் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடை எரிந்தது என்று ஒருவன் காப்புறுதிப் பணம் கேட்டு வந்தால், மற்றவர்கள் எல்லாம் தீ வைத்தது யார் என்று தேடுவார்கள். ஞானமணி முதலில் கடை எரிந்ததா என்று போய்ப் பார்ப்பாள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இப்போதும் அவள் அதையே செய்தாள்.

"அக்ரம், வருசக் கணக்கா ஒரே வீட்டில ஒண்டா இரிக்கிற புருசனுக்கு ஒட்டாத நோய், எங்கேயோ இரிக்கிற ஆம்புளைட்ட இருந்து இவவுக்கு மட்டும் ஒட்டியிரிக்கி. நம்புறயா?"

"ஷிஹான்ட ரத்தம் நல்ல ஸ்ட்ரோங்கா இரிக்கும் மிஸ்."

"இல்லாட்டி இவவுக்கும் ஒட்டல்ல."

அக்ரம் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தான்.

மூட்டு நோய்களுக்குரிய டொக்டர் விஜிதரன் முன்பு ஞானமணியின் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். எதிர்ப்பக்கம் வெகுநேரம் பேசியது. பேசி முடித்தபோது ஓட்டோ காத்தான்குடியின் பேரீச்ச மரங்களுக்குக் கீழே வந்திருந்தது, ஞானமணி கச்சான் தின்பதை நிறுத்தியிருந்தாள்.

டொக்டர் சொன்னதை அவள் இப்படி விளங்கப்படுத்தினாள். அந்த முதல் சோதனை நோய்க் கிருமியைத் தேடுவதில்லை. அந்த நோய் வந்தவர்களின் இரத்தத்தில் தோன்றுகிற ஒரு வகைப் பிறபொருளெதிரியைத்தான் தேடுகிறது. பிறபொருளெதிரி என்றால் வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பு தயாரிக்கும் காவல்காரன். ஆனால் சில பெண்களின் உடம்பு எந்தக் கிருமியும் வராமலே அதேமாதிரியான காவல்காரரைத் தயாரித்துச் சொந்த உடம்பின் மீதே ஏவிவிடும். தோல், மூட்டு, இரத்தக் குழாய் என்று எங்கும் அடி விழும். அந்தப் பெண்களின் இரத்தமும் முதல் சோதனையில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டாவது சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கிருமியோடு நேராகச் சண்டை பிடித்தவனை மட்டும்தான் அடையாளம் காட்டும். முதல் சோதனையை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது.

"ஏன் புள்ள ரெண்டாம் சோதனைக்குப் போகல்ல?"

பஹீமா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போனன் மிஸ். போர்டுல மூணு பாஷையிலயும் எழுதியிரிக்கி. அந்தக் கேற்றுக்குள்ள கால வச்சா, ஓம், நான்தான் செஞ்சன் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரித்தானே. வந்திட்டன்."

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. ஆனாலும் ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ பிறந்த எந்தப் பெண்ணும் அன்று அதைத்தான் செய்திருப்பாள். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே கதவின் முன்னால் போய் நின்று, அயல்வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயந்து திரும்பி வந்திருக்கிறாள். அவளைத் திட்டவும் அக்ரமுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை மூவரும் அந்தக் கிளினிக்குக்குப் போனார்கள். முன்பக்கம் ஆட்கள் நின்றார்கள். பஹீமா ஓட்டோவுக்குள் சுருண்டுகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அக்ரம் நாலைந்து ஓட்டோக்காரரிடம் பின்வழி கேட்டான். யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரியும் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை. அப்போதுதான் அவனுக்கு ஜெமீலா சொன்னது ஞாபகம் வந்தது. மதிலோரமாகச் சுற்றிப் போனான். குப்பை எரிக்கும் இடத்துக்குப் பின்னால் நாவல் மரம், அதன் கீழே துருப்பிடித்த சின்னக் கேற். இடுக்கு வழியாகக் கையைப் போட்டுக் கொக்கியைத் தூக்கினான். திறந்தது.

பஹீமாவை உள்ளே அனுப்பிவிட்டு ஞானமணி அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மிஸ் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்பது அக்ரமுக்குத் தெரியும்.

அவனுக்கு அதைவிட அவசரமான கவலை இருந்தது. ஓட்டோவின் பின்பக்கம் முழுவதும் அவனுடைய பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. இந்த மரத்தடியில் இதை யாராவது கண்டால் ஓட்டமாவடிச் சம்பந்தம் அத்தோடு சரி. பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். கேற் கிரீச்சிட்டது. ஓர் ஆள் தலையைக் குனிந்தபடி வெளியே வந்து நிமிர்ந்தார். ஹமீட். ஓட்டமாவடிப் பெண்ணின் சொந்தத் தாய்மாமன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு சொல்லும் பேசாமலே, இன்று யாரும் யாரையும் காணவில்லை என்று இருவரும் கண்ணாலேயே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கலியாணப் பேச்சில் இனித் தடையிருக்காது என்று அக்ரமுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பஹீமாவின் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். வாசலோரம் ஷிஹானின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ஷிஹான் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டான். ஜெமீலா நின்றுகொண்டே இருந்தாள், இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. பஹீமா மூலையில் கதிரையில் இருந்தாள், கை இரண்டும் வயிற்றின் மேல்.

"ஆளக் கண்டுபிடிச்சிட்டன்" என்றாள் ஞானமணி.

ஷிஹான் எழும்பிவிட்டான். பஹீமா திடுக்கிட்டுப் பார்த்தாள். அக்ரமே ஒரு கணம் ஆடிப்போனான்.

"மோசமான ஆள். முதல் ரெண்டு புள்ளையளையும் அழிச்சவன் அவன்தான். மூண்டாவதுக்கும் காத்துக்கொண்டு இரிக்கான்."

"ஆரு மிஸ்? எங்க இரிக்கான்?" ஷிஹான் வாசலைப் பார்த்தான்.

"இவட இரத்தத்துக்குள்ள இரிக்கான் தம்பி. வேற எங்கயும் இல்ல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டாவது சோதனை சுத்தம். சிபிலிஸ் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. டொக்டர் விஜிதரன் அதே நாள் பஹீமாவிடம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தில் வேறு பிறபொருளெதிரிகள் அகப்பட்டிருக்கின்றன. ஒரு வகை, உடம்பின் கலங்களின், அதாவது செல்களின், உட்கருவையே எதிரியாக நினைக்கிறது. அது லூப்பஸ் என்கிற நோயின் அடையாளம். விரல் வீக்கம், வெயிலில் கன்னம் சிவப்பது, குளிரில் விரல் வெளுப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வந்தவை. மற்ற வகை, இரத்தத்தைக் கட்டியாக உறைய வைக்கிறது. பிள்ளைக்குச் சாப்பாடு போகிற நச்சுக்கொடியில் உறைந்தால் பிள்ளை பட்டினியில் போய்விடும். முதல் சோதனையை ஏமாற்றியதும் இந்த இரண்டாவது வகைதான்.

"காவலுக்கு வளத்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி. இதில மூண்டாவது ஆம்புளை இல்ல. ஒரு ஆம்புளையும் இல்ல."

நாளைக்கே ஊசி தொடங்க வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை நாளாந்தம் போட வேண்டும், குளிசையும் உண்டு. இந்த நோயோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். ஆனால் டொக்டர் சத்தியம் செய்து கொடுக்கவில்லை, நேரத்தோடு வந்தால் நல்ல வாய்ப்பு என்றுதான் சொன்னார். ஞானமணி அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஷிஹான் வாசலுக்குப் போய், ஒன்றும் நடக்காததுபோலப் பெட்டியைத் தூக்கி அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தான்.

"அது அங்கயே இரிக்கட்டும்" என்றாள் பஹீமா.

அவன் நின்றுவிட்டான்.

"நான் செய்யல்ல எண்டு சொன்னன். நீங்க நம்பல்ல. கொழும்புல இருந்து ஆரோ சொன்னதும் நம்புறீங்க. நாளைக்கு ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போங்க. புள்ள பொறக்கட்டும். மறுகா பெட்டியப் பத்திக் கதைப்பம்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஷிஹான் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தான்.

ஜெமீலா மன்னிப்புக் கேட்கவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஞானமணியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த முதல் சோதன, எல்லாருக்கும் பிழைக்குமா மிஸ்?"

"எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு."

ஜெமீலா தலையாட்டினாள். என்னை வீட்டில் இறக்கிவிடுவீர்களா என்று அக்ரமிடம் கேட்டாள். அவளுடைய வீடு மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது, நடந்தே போகலாம். அக்ரம் அதைச் சொல்ல வாயெடுத்தான், ஞானமணி அவன் முதுகில் தட்டினாள்.

ஓட்டோ கிளம்பியது. ஞானமணி மெதுவாகத்தான் தொடங்கினாள்.

"காத்தான்குடி, ஏறாவூர் ஒழுங்கையெல்லாம் அக்ரமுக்குத் தண்ணி பட்ட பாடு. அவனுக்கே அந்தப் பின் கேற் தெரியாது. உங்களுக்குக் கொக்கி எந்தப் பக்கமெண்டும் தெரிஞ்சிரிக்கி."

கண்ணாடியில் அக்ரம் ஜெமீலாவைப் பார்த்தான். கம்பியை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டைக் கோத்து வைத்திருந்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மாமி மகளுடைய அதே விரல்கள். இத்தனை நாளும் அந்த விரல்களை யாரும் பார்க்கவில்லை, அவளுடைய வாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன புள்ள போன?" என்று ஞானமணி கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் ஜெமீலா. பிறகு நிறுத்த முடியாமல் பேசினாள். முதல் பிள்ளை போனது. இரண்டாவது தங்கியபோது கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், பஹீமாவுக்கு வந்த அதே சொல் அவளுக்கும் வந்தது. இன்னொரு சோதனை என்றார்கள். யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனாள். முன்வாசலில் ஆட்கள், பின்னால் சுற்றிப் போனாள், கேற்றைத் திறந்தாள், உள்ளே ஊர்க்காரப் பெண்ணொருத்தியின் குரல் கேட்டது, திரும்பி வந்துவிட்டாள். அந்த மாதமே இரண்டாவதும் போய்விட்டது. பிள்ளையே இல்லை என்றான பிறகு கிளினிக்கில் இருந்தும் யாரும் தேடி வரவில்லை.

"நான் சுத்தமெண்டு எனக்குத் தெரியும். அப்ப ஆரு கொண்டுவந்த? என்ட புருசன்தானே. பெட்டியத் தூக்கி வெளிய வச்சன். குர்ஆனில கைவச்சுச் சத்தியம் பண்ணினார். நான் நம்பல்ல. என்ன குத்தமெண்டுகூட அவருக்குச் சொல்லல்ல மிஸ்."

ஓட்டோ அவளுடைய வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அக்ரம் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஞானமணி அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. உங்கட இரத்தம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு சோதித்தாலும் எல்லாம் தெளியுமோ தெரியாது, ஆனால் டொக்டர் விஜிதரனிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்றாள். ஜெமீலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோதன என்னெண்டு சொன்னாலும் சரி" என்றாள் கடைசியில். "அந்த மனிசனோட சேந்து ரெண்டாந்தரம் சோதிக்க நான் போகல்லையே. அவரக் கண்டுபிடிச்சுத் தர ஏலுமா மிஸ்? பேரு உசனார்."

ஞானமணி அக்ரமைப் பார்த்தாள். உசனாரைக் கண்டுபிடிக்கத் துப்பறியத் தேவையில்லை. பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்ரம் தேத்தண்ணி குடித்தது ஏறாவூரை விட்டுப் போன அவருடைய கடையில்தான். அவன் உண்மையைச் சொன்னான். ஓட்டமாவடிப் பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை, கலியாணம் முடித்துவிட்டார், மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை இப்போதுதான் நடை பழகுகிறது.

பிரதான வீதி வந்தது. இடப்பக்கம் திரும்பினால் ஓட்டமாவடி, வலப்பக்கம் மட்டக்களப்பு. அக்ரம் வீதியோரமாக ஓட்டோவை நிறுத்தினான். என்ன பகிடி விடலாம் என்று எப்போதும் தேடுகிறவனுக்கு அன்று பின்னால் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"தம்பி" என்றாள் ஜெமீலா. "அந்தக் கடையில பொம்புளையள் இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலுமா?"

"ஏலும் ராத்தா. குடும்பத்துக்கெண்டு உள்ளுக்கு ஒரு மேசை போட்டிரிக்கார்."

"எனக்கு உள்மேசை வேணா" என்றாள் ஜெமீலா. "எல்லாரும் பாக்கிற இடத்தில இருந்துதான் சொல்லணும். திருப்புங்க."

அக்ரம் இடப்பக்கம் திருப்பினான்.